பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு

வீடு வாடகைக்கு விடுவது என்றால் பூட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கையை நீட்டுகிற தொழில் என்று நினைத்துத்தான் நான் இறங்கினேன். இதை வாசிக்கிற வீட்டுக்காரர்களே, நீங்களும் அப்படி நினைத்துத்தான் இறங்கியிருப்பீர்கள்.

எனக்குச் சீதனமாக வந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வளவு நிலம். கல்லடிப் பாலத்துக்கு நகரப் பக்கம். பின்னுக்கு ஒரு பழைய இரண்டறை வீடு, அதில் நாங்கள் இருந்தோம். முன்னுக்கு நான்கு அறையோடு புதுவீடு, கூரை போட்ட கையோடு காசு முடிந்து, பூச்சும் கதவும் இல்லாமல் நின்றது. நான் தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவள். கணவர் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் வியாபாரம் தெரியாது.

கடுதாசி

சுனாமி வந்து இரண்டாம் மாதம். உதவி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கந்தோர் போடவும் ஆட்கள் தங்கவும் வீடு தேடிக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர் எங்கள் படலை வாசலில் வாகனத்தை நிறுத்தினார். மொழிபெயர்க்க, ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவர் கூட வந்தார். இரண்டு மாதத்தில் பூசி முடித்து, உள்ளுக்குள் இரண்டு குளியலறை கட்டிக் கொடுத்தால் இரண்டு வருடத்துக்கு எடுப்பாராம். மாத வாடகையை இருபத்துநாலால் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், கடல் அடித்துப் போன கரையில், என் சின்னம்மாவின் பிள்ளைகள் கூடாரத்தில் இருக்க, இங்கே நான் சந்தோஷப்படக் கூச்சமாகவும் இருந்தது. இருந்தாலும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

வங்கிக்கு ஓடினேன். மனேஜர் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு வா, கடன் தருகிறேன் என்றார். பொறியியலாளர் வீட்டை முடி, ஒப்பந்தம் எழுதுகிறேன் என்றார். ஒன்பது நாள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து செருப்புத் தேய்ந்தது. கடைசியில், "வீடு முடிஞ்சா எடுப்பம்" என்று பொறியியலாளரிடம் ஒரு கடிதம் வாங்கினேன். என்னோடு வேலை செய்கிற செல்வம் அண்ணனும் இன்னொரு அக்காவும் பிணைக் கையெழுத்துப் போட்டார்கள். மனேஜர் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு காசோலையை நீட்டிச் சொன்னார்:

"தங்கச்சி, பூச்சும் இல்ல, கதவும் இல்ல, உங்களிட்ட ஒரு கடுதாசி மட்டும் இரிக்கு. நானும் கடுதாசிதான் தாறன். ரெண்டு பேரும் கவனமா இருப்பம்."

பிணை வைத்தவர்

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து செல்வம் அண்ணன் என் வீட்டில் என்னைவிட அக்கறையாகிவிட்டார். வேலை விட்டுப் போகும்போது சைக்கிளை எங்கள் பக்கம் திருப்பி, பூச்சுக்குத் தண்ணி அடித்தார்களா என்று மேசனைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பொறியியலாளர் குடிவந்த பிறகும் விடவில்லை. மனிதருக்கு ஒருமுறை தடிமனும் இருமலும் பிடித்தது. மறுநாளே செல்வம் அண்ணன் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்து ஒரு போத்தலில் கொண்டுவந்தார். இவ்வளவு பாசமா என்று கேட்டேன்.

"புள்ள, இருமுறது அவன். பிணை வச்ச எனக்குத்தான் நெஞ்சு நோகுது."

குளியலறையில் ஒருவர்

திறப்பைக் கொடுத்த அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின மாதிரி இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆங்கில வாத்தியார் ஓடிவந்தார், பின்னால் இடுப்பில் துவாயோடு பொறியியலாளர். புதுக் குளியலறையில் வாளிக்குள் ஒரு தவளை. நான் பிடித்து வெளியில் விட்டேன். அடுத்த நாளும் அதே தவளை, அல்லது அதன் அண்ணன். மூன்றாம் நாள் மேசனைக் கூப்பிட்டுப் பார்த்தால், தண்ணி போகிற குழாய்க்கு வலை போட மறந்திருக்கிறோம். வெட்கத்தில் நான் மன்னிப்பு மேல் மன்னிப்புக் கேட்க, பொறியியலாளர் முகத்தை மாற்றாமல் ஏதோ சொன்னார். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"பிள்ளை, ஐயா கேக்கிறார், இந்த வாடகையில தவளையிர பங்கு எவ்வளவு எண்டு."

வாகரைக் குடும்பம்

ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கையில் சண்டை திரும்பவும் தொடங்கியது. நிறுவனம் மூட்டை கட்டியது. கடன் மட்டும் போகவில்லை. முன்வீடு பூட்டிக் கிடந்த அந்த நேரத்தில்தான் வாகரைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. கணவர் பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். நாகமணி மீன்பிடிகாரர். மனைவி தெய்வானை, இரண்டு பெண் பிள்ளைகள். நாங்கள் வாடகை கேட்கவில்லை, அவர்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர்கள் வந்து மூன்றாம் கிழமை ஒரு கம்பனிக்காரர் முழுவீட்டையும் கேட்டு வந்தார். வங்கியின் இரண்டு கடிதம் மேசையில் கிடந்தது. செல்வம் அண்ணன் யோசிக்காமல் கொடு என்றார். தெய்வானையிடம் சொல்லத்தான் போனேன். அவர் இரவல் வலை ஒன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்னம் எழும்பி, வாவியில் பிடித்த நண்டு ஒரு பையை என் கையில் வைத்தார். "இது இந்தக் கிழமைக்கு" என்றார். அவர் எங்கோ மனதில் வாடகைக் கணக்கு வைத்திருந்திருக்கிறார். நான் வந்த விஷயத்தை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். கம்பனிக்காரர் வேறு வீடு பார்த்தார். நான் வங்கியில் தவணை கேட்டேன், மனேஜர் ஆறு மாதம் பொறுத்தார், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட நண்டோ இறாலோ மீனோ தவறவில்லை.

ஊருக்குத் திரும்பலாம் என்று அறிவித்த அன்று தெய்வானை வீட்டைக் கூட்டிக் கழுவி, திறப்பைக் கொண்டுவந்து தந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"ஊருல ஆரும் கேட்டா, அகதியா இருந்தம் எண்டு சொல்லமாட்டன் தங்கச்சி. மட்டக்களப்புல வாடகைக்கு இருந்தம் எண்டுதான் சொல்லுவன்."

நாள் மூன்று தரம்

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் ஊருக்குள் புது முகங்கள். கல்குடாவில் ஹோட்டல் கட்டுகிற வேலைக்குக் குருநாகலிலிருந்து வந்த ஒரு மேற்பார்வையாளரும் அவர் மனைவி நிலூக்காவும் வீடு கேட்டார்கள். சிங்களவரையா வைக்கப் போகிறாய் என்று அயலில் இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இருந்தும் திறப்பைக் கொடுத்தேன். ஆனால் புதிதாக நீலம் அடித்த சுவர், புது மின்விசிறி, புதுக் குழாய்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் முருங்கைக்கீரை கொண்டுபோகிற சாட்டில் சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். மத்தியானம் மீன்பொரியல், குழாய் ஒழுகுகிறதா என்று ஒரு பார்வை. பின்னேரம் சும்மா.

இரண்டு மாதத்தில் நிலூக்கா என்னிடமே தமிழ் படித்துவிட்டாள். ஒருநாள் எனக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்து, எதிரில் உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணி, தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னாள்:

"அக்கா நல்ல, மீன் நல்ல. ஆனா வாடகை மாசம் ஒரு தரம், அக்கா நாள் மூணு தரம்."

போன வருடத்தோடு கடன் முழுதும் முடிந்து முன்வீடு கடைசிச் செங்கல் வரைக்கும் எனக்கே சொந்தமாகிவிட்டது, ஆனால் அந்த வீட்டுக்குள் ஒருநாள்கூட நான் இன்னும் படுத்து எழும்பவில்லை.