நிறுத்தினால் மறுபடி கிளம்புமா?

சென்ற மாதக் கடைசியில் ராயப்பேட்டை மெக்கானிக் ஒருவரின் பொறுமையை நன்றாகச் சோதித்துவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். செய்தார். உடனே மறுபடி நிறுத்தச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே... 'வீட்லயும் இப்படித்தானா சார்?' என்று கேட்பதுபோல் இருந்தது.

எனக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு தி. நகரில் பாத்திரக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கடைக்கு ஒரு வேன் இருந்தது. கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் குத்துவிளக்குமாகச் சுமந்து சுமந்து, போன தை மாதம் பனகல் பார்க் முனையில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. நின்றது நின்றதுதான். பாடி உறுதியாக இருக்கிறது, எஞ்சின் மட்டும் இனி தேறாது என்று சொல்லிவிட்டார்கள். கடைக்கு வேறு வண்டி வாங்கிக்கொண்டு, பழையதை எடைக்குப் போடக் கிளம்பினார்.

"அதை எனக்குக் கொடுத்திருங்க அத்தான்" என்றேன். அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அத்தான்தான்.

"உனக்கு எதுக்குட்டி வேன்?"

"ஊர் சுத்த."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போனதெல்லாம் ஒரே ரயிலில், ஒரே ஊருக்கு. ஏதாவது கல்யாணம், சடங்கு... இல்லாவிட்டால் சாவு. அந்த ரயில் விடியற்காலையில் சாத்தூரைத் தாண்டியதும் ஒரு குளம் வரும். நடுவில் சின்னதாக ஒரு கல் மண்டபம். கரையில் நாலைந்து ஆடுகள். ஒவ்வொரு தடவையும் அதற்காகவே விழித்து உட்கார்ந்திருப்பேன். கண் நிறையப் பார்ப்பதற்குள் போய்விடும். ஒரே ஒரு தடவை அங்கே இறங்கி அந்தக் கரையில் உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். காசியும் காஷ்மீரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அங்க என்ன இருக்கு?" என்பார் அவர்.

"தெரியாது. அதுக்குத்தான் இறங்கணும்."

"ஒண்ணும் இல்லாத இடத்துல எவனாவது இறங்குவானா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆனாலும் வேனைக் கொடுத்துவிட்டார். மந்தைவெளி ஆசாரி ஒருவர் பின்பக்கம் பெஞ்சு அடித்தார். பிரித்தால் கட்டில். ஸ்டவ் வைக்க ஒரு தகர மேடை. ஜன்னல்களுக்குப் பூப்போட்ட கர்ட்டன், என் கையாலேயே தைத்தது. தண்ணீர் டிரம், டிபன் கேரியர், டவரா டம்ளர் எதற்கும் பஞ்சமில்லை, எல்லாம் நம் கடைச் சரக்கு. சமைக்கலாம், படுக்கலாம், விருந்தாளி வந்தால் உட்கார வைக்கலாம். ஓடுவது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் எஞ்சின் பேச்சு வந்தது. வந்ததும் ஊரே கூடிவிட்டது. பெட்ரோல் இப்போது விற்கிற விலையில் பெட்ரோல் எஞ்சினா? டீசல் போடுங்கள்! எதிர்வீட்டு ரிட்டயர்ட் தாசில்தார், பால்காரர், கோயிலில் பிரதட்சிணம் பண்ணுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. என் வீட்டுக்காரர் அந்தக் கட்சிக்குத் தலைவர்.

ராயப்பேட்டையில் காதர் பாய் ஷெட்டுக்குப் போனோம். இரண்டு பழைய எஞ்சின்களை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, மேலே பாட்டிலில் எண்ணெய் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அந்த மாதிரி.

"இது டீசல் சார். ஒரு சின்ன லாரிலேர்ந்து கய்ட்டினது. எவ்ளோ லோடு வேணா ஏத்து, இஸ்துக்கினு போவும். செலவும் கம்மி. ஆனா வயசாயிட்ச்சி. நிறுத்திட்டா மறுக்கா கிளப்பறது பேஜாரு, தள்ளத்தான் வோணும். நிறுத்தாம ஓட்டிக்கினே இருந்தா ராஜா!"

அடுத்ததைத் தட்டிக் காட்டினார். "இது பெட்ரோலு. ஒரு டாக்டரு கார்ல இருந்தது. வூடு வூடா நின்னு நின்னு போன வண்டி. நல்லா குடிக்கும், மேடு வந்தா மூச்சு வாங்கும். ஆனா ஒரு திருகு திருகினா போதும், கிளம்பிக்கும்."

டீசல் ஓடியது. ஷெட்டே ஆடியது. பெஞ்சின் மேல் இருந்த டீ கிளாஸ் தானாகவே நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டே, "அருமையால்லா ஓடுது!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. இருக்காதா? நிறுத்தாமல் ஓடுவதில் அதற்கும் அவருக்கும் நல்ல பொருத்தம். தீபாவளிக்கு மறுநாள்கூட, யாராவது வந்தால் என்ன செய்வது என்று கடையில் ஒரு கதவைத் திறந்து வைக்கிற மனிதர் அவர்.

"நிறுத்துங்க பாய்" என்றேன். நின்றது. "இப்போ கிளப்புங்க." முனகியது, இருமியது, பேசாமல் இருந்துவிட்டது. இரண்டு பேர் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றி வியர்த்துப்போனார்கள்.

"வழியில இதை யாரு தள்ளுவா அத்தான்?"

"கடைப் பயலுவ..." என்று ஆரம்பித்தவர் பாதியில் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு ஊரில். வேனில் போகப்போவது நாங்கள் இரண்டு பேர். ஸ்டியரிங் பிடிக்கப் போவது அவர். மிச்சம் இருப்பது யார்?

அதன் பிறகுதான் அந்த டாக்டர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கிளப்பச் சொல்லி, பாயின் உயிரை எடுத்தேன். அது ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மாவுக்கு நிக்கற வண்டி வோணும். சாருக்கு ஓடற வண்டி வோணும். வூட்ல போய் பேசிக்கினு வாங்க."

டாக்ஸியில் வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம். எனக்கு உள்ளே கொதித்தது. குளமாவது மண்டபமாவது! டீசலைப் போட்டால் சாத்தூரையும் அந்த ரயில் மாதிரியே நிற்காமல்தான் தாண்டப்போகிறோம். வேனில் கர்ட்டன் ஒன்றுதான் அதிகப்படி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"நிப்பாட்டி என்ன செய்யட்டி?"

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"நீ குளத்தைப் பாப்ப. நான் என்ன செய்ய? பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டியாந்து கல்லாவுல உக்கார வச்சாவ. அன்னையிலேர்ந்து வியாபாரம்தான் தெரியும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதுட்டி. அரை மணி நேரத்துல 'கிளம்பு, கிளம்பு'ன்னு உன் உயிரை எடுப்பேன். பிறகு உனக்கும் வெறுத்துப்போவும்."

இத்தனை நாளும் பெட்ரோல் செலவுக்குப் பயப்படுகிறார் என்றல்லவா நினைத்தேன்! இவர் என் கூட ஒரு குளத்தங்கரையில் உட்காரப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் தெரியுமா? கல்யாணமானதிலிருந்து நான் எங்கே சும்மா இருந்தேன்? ரெண்டு பேரும் சேர்ந்து பழகிக்குவோம்" என்றேன்.

மோருக்குக் கையை நீட்டினார். அடுத்த வாரம் எஞ்சின் பொருத்தியாகிவிட்டது. எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, டீசல் என்று சொல்லிவிட்டால்?

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் தன் தம்பியை உட்கார வைத்துவிட்டு வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு. பாலவாக்கம் வரைக்கும் ஓட்டிப் பாப்போம்." நான் ஏறியதும் சாவியைத் திருகினார். ஒரே திருகு.

"டாக்டரா?" என்றேன்.

"ம்."

"நிறையக் குடிக்குமே அத்தான்?"

"குடிக்கட்டும்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஆயுசுக்கும் ரசம் வைக்கலாம் என்று தோன்றியது. தோன்றி லஸ் முனை வருவதற்குள் வண்டி நின்றது. புதிதாக ஒரு பாத்திரக் கடை. "விலை என்ன போட்டிருக்கான்னு பாத்துட்டு வாரேன்." மயிலாப்பூர் மாட வீதியில் இன்னொன்று. அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நம்ம சரக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு..." ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற அம்மாளின் அலுமினியக் கூடையைத் தட்டித் தட்டிப் பார்த்து, கனம் போதாது என்று தீர்ப்புச் சொன்னார்.

"இன்னா நைனா, மீனு வாங்குவியா, கூடையப் பாத்துக்கினே நிப்பியா?" என்று அந்த அம்மாள் ஒரு சத்தம் போட்டதும்தான் வண்டிக்கு வந்தார்.

ஒவ்வொரு தடவையும் ஒரே திருகில் கிளம்பியது. எனக்கோ அந்த டீசலே தேவலை என்று ஆகிவிட்டது.

திருவான்மியூர் தாண்டினோம். வீடுகள் குறைந்தன. பாலவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்புப் பக்கம் வண்டி மறுபடி நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். மணல், சவுக்கு, கொஞ்சம் தள்ளிக் கடல். கடை கிடையாது, கல்யாணம் கிடையாது, ஒரு சொம்புகூடக் கண்ணில் படவில்லை.

"இங்க எதுக்கு அத்தான் நிப்பாட்டுனீங்க?"

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "சும்மாதான்."

பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர் காபி ஊற்றினேன். பூப்போட்ட கர்ட்டன் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கை ஒரு தடவை சட்டைப் பையிலிருந்த கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் டம்ளருக்கே திரும்பிவிட்டது. அடுத்த மாதம் சாத்தூர்.

வண்டி மறுபடி கிளம்புமா என்று அன்றைக்கு நான் சோதித்துப் பார்க்கவில்லை. கிளம்பாவிட்டால்தான் என்ன?