பதர் போன பை

வெள்ளைத் துணியில் தைத்த சிறிய பை அது. என் மகன் இப்போது அதில் புளியங்கொட்டை போட்டு வைத்திருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயல்கார அக்கா நினைவுக்கு வருகிறார்.

ராசிபுரம் பக்கம், உப்புப் பூத்த அவர்கள் வயலில் வேளாண் ஆபீசிலிருந்து ஏழெட்டு நெல் ரகங்களை நட்டுச் சோதித்தார்கள். எனக்குக் குறிப்பெடுக்கும் தற்காலிக வேலை. உயரம், குத்துக்கு எத்தனை தூர் கிளைத்திருக்கிறது, கதிருக்கு எத்தனை மணி, உள்ளீடில்லாத பதர் எத்தனை என்று எண்ணவேண்டும். உவர் மண்ணில் எந்தக் குணம் விளைச்சலைக் கூட்டுகிறது என்பதே கேள்வி. எல்லோர் கண்ணும் உயரமான ஒரு ரகத்தின் மேல்தான். அப்படித் தூர் கட்டி நின்றது. அடுத்த போகத்துக்கு அதன் விதையை வாங்கி வயல் முழுக்க நடுவதென்று அக்கா வீட்டில் பேச்சு. அறுப்பன்று அதன் கதிரைக் கையில் வாங்கினேன். கனமே இல்லை.

எண்ணுவதற்கான கதிர்களை உதிர்த்துப் பைகளில் போட்டு முடித்தபோது, மர நிழலில் கிடந்த என் பிள்ளை அழுதான். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அக்கா முறத்தோடு நிற்கிறார். அந்த ரகத்தின் பைகளையெல்லாம் புடைத்துச் சுத்தமாக்கியிருந்தார்.

"பதரோட ஆபீசுக்குக் குடுத்துட்டா எங்களப் பாத்துல்ல சிரிப்பாங்க அம்மிணி? நீங்க புள்ளையப் பாருங்க."

பதரைக் காற்று கொண்டுபோய்விட்டது. மீதிக் கதிரெல்லாம் களத்தில் ஒன்றாகக் கலந்தாயிற்று. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. எண்ணாததை எழுதக் கூடாதென்று அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் குறிப்பில் அந்த ரகத்தின் வரிசையையே அடித்துவிட்டார்; பைகளில் ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. "அந்த ரகம் நல்லா வருமுங்களா?" என்று அக்கா கேட்டபோது, "அது கணக்குலயே வரலைங்க அக்கா" என்றேன். அவர் புடைத்ததால்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. கதிர் லேசாக இருந்ததையும் சொல்லவில்லை; எண்ணிப் பார்க்காமல் ஒரு ரகத்தைக் குறை சொல்லலாமா என்ற பயம்.

வயல் முழுக்க அந்த ரகத்தையே நட்டார்கள்; அடுத்த அறுப்புக்குப் பின் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன்.

"களத்துல தூத்துனா பாதிக்கு மேல பறந்து போச்சுங்க அம்மிணி. உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"கையில எடுத்தப்பவே லேசா இருந்துச்சுங்க."

அவர் திட்டவில்லை. என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, "அதச் சொல்லியிருக்கலாமுல்ல சாமி" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேனோ என்னவோ.

இன்று துவைப்பதற்காகப் பையை உள்புறம் திருப்பினேன். தையல் மடிப்பில் ஒரு பதர் ஒட்டியிருந்தது. மகனின் உள்ளங்கையில் வைத்து, "கனமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றான், உடனே.