திருடன் எந்தப் பக்கம் போனான்?

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதக் கற்பதற்கு முன்பே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்கிறார்கள். பிங்கரான்லிப்ஸ். அது மூன்று ஆங்கிலச் சொற்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. யாராவது அதைச் சொன்னால் போதும், இடது கையை மார்போடு கட்டிக்கொண்டு வலது கை ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போவோம். அங்கே குரங்குக் கூண்டுக்கு முன்னாலும் அப்படியேதான் நின்றார்கள். குரங்குகள் மட்டும் சத்தம் போட்டன.

தாம்பரம் கிழக்கில் இருக்கிற நடுத்தரமான தனியார் பள்ளி அது. நான் அங்கே நாலாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேளம்பாக்கத்தில் என் தங்கை குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் போயிருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேர் ஒரு துணித்திரையைக் கட்டி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைகள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே, பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன்.

"நாடகமா? ஆனுவல் டேக்கா?" என்றார்.

"இல்ல சார். நம்ம பசங்க நடிக்கப் போறதில்ல. பாக்கப் போறாங்க."

"பாத்து?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? பாத்து சிரிப்பாங்க சார் என்றா? என்னென்னவோ சொன்னேன். பாடத்தோடு சேர்ந்தது, பேச்சுத்திறன் வளரும், மற்ற பள்ளிகளில் எல்லாம் செய்கிறார்கள். கடைசியில் சொன்னதுதான் வேலை செய்தது. ஒரு தடவை நடத்திப் பார்ப்போம் என்றார். பக்கத்துக் கட்டடத்தில் பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நடக்கும், சத்தம் வரக் கூடாது. ஒழுங்காக நடந்தால் மாசா மாசம் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அபாகஸுக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை வேண்டும். மாதம் ஒரு தடவை, முக்கால் மணி நேரமாவது, உயிரோடு நிற்கிற ஒரு மனிதன் என் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கதையை நடித்துக்காட்ட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கேளம்பாக்கத்தில் பார்த்த அந்தக் குழுவை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நாடகம் போட ஒத்துக்கொண்டதும் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அக்கா, எங்க நாடகத்துல பாதிதான் நாங்க பண்ணுவோம். மீதிய பசங்க பண்ணணும். நான் கேக்கச்சொல்ல அவங்க கத்தி பதில் சொன்னாத்தான் கதை நவுரும். இல்லாங்காட்டி அங்கியே நிக்கும்."

இதை நான் பி.டி. சாரிடம் எடுத்துச் சொன்னேன். எங்கள் பள்ளியில் சத்தத்துக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. கழுத்தில் விசில் தொங்கும். இன்றைக்கு ஒரு நாள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்றேன்.

"நீங்க தமிழப் பாத்துக்கங்க மிஸ். டிஸிப்ளின நான் பாத்துக்கறேன்," என்றார் சிரித்துக்கொண்டே. என் நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்து விழுங்கினேன்.

நாடகம் பலாப்பழத் திருடன். குழுவை நடத்துகிற பெண்ணே தோட்டக்காரியாக நடித்தாள். பலாப்பழத்துக்குக் காவல் இருக்கிறவள் அப்படியே தூங்கி வழிவாள், குறட்டை விடுவாள், குறட்டையில் பழமே அசையும். எங்கள் ஹாலில் நாலாவதும் ஐந்தாவதும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. எல்லோர் உதட்டிலும் விரல். அவள் பத்துத் தினுசாகக் குறட்டை விட்டாள். ஒரு சிரிப்பு இல்லை. சிரிப்பு வந்தவர்கள் தோளைக் குலுக்கினார்கள், விரல் மட்டும் இறங்கவில்லை. ஒரு பையனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரை மாற்றும்போது அவள் ஓரமாக வந்து என் காதில் கேட்டாள்.

"இன்னாக்கா, அத்தினி பசங்களுக்கும் பல்லு வலியா?"

சிரிக்கிற விஷயமா அது? எனக்கு அழுகை வந்தது.

திருடன் பழத்தைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஒளிந்தான். தோட்டக்காரி விழித்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள், பிள்ளைகளிடம் ஓடி வந்தாள்.

"கண்ணுங்களா! என் பலாப்பழத்த எவனோ தூக்கினு பூட்டான்! திருடன் எந்தப் பக்கம் போனான்?"

பதில் இல்லை. வரிசை வரிசையாக விரல்கள். மறுபடி கேட்டாள், கெஞ்சினாள். திரைக்குப் பின்னால் இருந்து திருடன் வேண்டுமென்றே தும்மினான். அப்படியும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். கதை அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் என் வகுப்பு வாயாடி எழுந்தாள். பெருங்களத்தூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மகள். அப்பாவை அத்தா என்பாள். அத்தா சொன்னாரு, அத்தா சொன்னாரு என்று நாள் முழுக்க என் உயிரை எடுப்பாள். நான் ஒரு கேள்வி கேட்டால் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், பாதி தப்பாக. அவள் இல்லாத நாளில் வகுப்பு வெறிச்சென்று கிடக்கும்.

"தோ! அந்தப் பக்கம்! துணிக்குப் பின்னாடி கீறான்!"

அவ்வளவுதான், ஹாலே உடைந்துகொண்டு போனது. நூறு விரல்கள் உதட்டிலிருந்து இறங்கித் திரையைக் காட்டின. "அங்க! அங்க! தும்மினான்!" தோட்டக்காரி துள்ளிக் குதித்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். என் பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். என்ன அழகான சத்தம்!

விசில் ஊதியது.

பி.டி. சார் வாயாடியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நடிக்கிறவங்களே கேட்டாங்க சார், அதுக்குத்தான் அவ பதில் சொன்னா என்றேன். "எல்லாரும் கத்தினதுக்கு இவதான் காரணம் மிஸ். அதுவும் கீறான் நாறான்னு. இதான் உங்க தமிழா?" என்றார். கரஸ்பாண்டென்டுக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டார். அவள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே நாடகம் மீதியும் நடந்தது. பிள்ளைகள் விரலை மறுபடி வைத்துக்கொண்டார்கள். தோட்டக்காரி கேள்விகளைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லி முடித்தாள்.

மணி அடித்ததும் வாயாடி என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"திருடன் மாட்டினானா மிஸ்?"

மாட்டினான் என்றேன்.

சாயங்காலம் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு அனுப்பினார். அபாகஸ்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். "எக்ஸலென்ட் மிஸ்! நடுவுல ஏதோ ஒரு நிமிஷம் கேட்டுது, அப்புறம் பின் டிராப் சைலன்ஸ். இந்த வயசுப் பசங்கள இப்படி உக்கார வெக்கிறது லேசில்ல. மாசா மாசம் வெச்சுக்கலாம்." நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

குழுவை நடத்துகிற பெண்ணுக்குப் போன் செய்தேன். "வரோங்க்கா. அந்தப் பாப்பாவுக்காக வரோம்," என்றாள்.

அடுத்த மாதம் வந்தார்கள். இந்தத் தடவை கிணற்றைத் தொலைத்த ராஜா. நான் என் வகுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். வாயாடி என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மாதம் முழுக்க அவள் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தாள். காய்ச்சலாக இருக்கும், வீட்டில் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் வாசலில் நின்றார்.

மந்திரி கிணற்றைத் துணியால் மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். ராஜா வேஷத்தில் இருந்த குழுத் தலைவி கிரீடம் கழன்று விழ விழ நேராக எங்கள் வரிசைக்கு ஓடி வந்தாள். வாயாடியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"என் கெணறு எங்க? யாராச்சும் பாத்தீங்களா?"

வாயாடியின் உதட்டின் மேல் விரல் அழுந்தி நகம் வெளுத்திருந்தது.

நான் குனிந்து, "சொல்லுடி. நான் இருக்கேன். கத்திச் சொல்லு," என்றேன்.

விரலை எடுக்காமலே தலையை ஆட்டினாள். "வேணாம் மிஸ். நான் வாயத் தொறந்தா அடுத்த மாசத்துலேர்ந்து யாருக்குமே நாடகம் கெடயாதுன்னு பி.டி. சார் சொல்லிக்கீறாரு."

ராஜா இன்னொரு தடவை கேட்டாள். "யாருமே பாக்கலியா கண்ணுங்களா?"

"பாத்தேன்," என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.