ஏரிக்கரைப் பெட்டியில் பித்தளை ராணி

கார்த்திகேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். பொருளை ஒளித்து வைப்பதில் அவனை மிஞ்ச ஆவடி வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆள் கிடையாது என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். திருட்டுப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு விளையாட்டு, ஜியோகேச்சிங் என்று பேர்.

ஒருவர் ஒரு டப்பாவைப் பொது இடத்தில் எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பேரெழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். டப்பாவில் சின்னச் சின்னச் சாமான்கள் கிடக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைத்தாக வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கார்த்திகேசனின் குடி கவிழ்ந்தது இதில்தான்.

அவனுடைய அம்மா சொர்ணம் இதை வேலையற்ற வேலை என்பாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு ஆவடிக்கு வந்தவள். அப்பாவுக்குப் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பி, முட்செடி கிழித்த கையோடு திரும்பி வந்தால் எந்தத் தாய்தான் மெச்சுவாள்?

அவனுக்குப் பெருமையெல்லாம் உள்ளே துளையிட்ட போல்ட்டில் இருந்தது. பார்க்க சாதாரண போல்ட். தலையைத் திருகினால் உள்ளே சுருட்டிய சீட்டு இருக்கும். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் அப்படி ஒன்றை மாட்டியிருந்தான். பெங்களூரிலிருந்து வந்தவர்கள்கூட அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டே தேடிவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். அதை ஒரு பெண் வந்த வேகத்தில் கழற்றி எடுத்தாள். அவன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் போய், எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"இதுல துரு இல்ல. பக்கத்துல கீறதெல்லாம் துரு புடிச்சி கீது. ஒளிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள்.

அவள்தான் அனுசுயா. அண்ணனூர்க்காரி. பாட்டன் பாட்டி அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா ரயில் பணிமனையில் ஒப்பந்தக் கூலி. அம்மா, அவள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டாள். பாடியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. அன்றிரவே கார்த்திகேசன் தன் போல்ட்டுகளையெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டான்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் திட்டம் போட்டார்கள். டப்பா செய்வது அவன். இடம் பார்ப்பது அவள். ஒரு இடம் மனதுக்குப் பட்டால், யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பாள். யார் வருகிறார்கள், டீக்கடைக்காரர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், பழைய இரும்பு பொறுக்குகிறவர் எந்தத் தெருவாகத் திரும்புகிறார் என்று ஒன்றுவிடாமல் கவனிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் உட்கார்ந்து, வீணாய்ப்போன பில் காகிதத்தின் பின்பக்கம் படம் போடுவாள். பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிக்காரர்கள் நிறுத்தும் இடம் வேண்டாம், திருமுல்லைவாயில் பக்கம் அந்தப் புளியமரம் சரி, ராணுவ மதில் ஓரம் கூடவே கூடாது. இப்படி அவள் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டுவான். அவன் காது டப்பாவைப் பற்றிய பேச்சில் இருக்கும், கண் அவள் கையில் இருக்கும்.

காதல் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன் ஜாதி வேறு, அவள் ஜாதி வேறு, குவார்ட்டர்ஸில் நாலு சுவருக்கும் காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். ஆகவே அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கேட்கத் துணிந்தான். லேத்தில் பித்தளையைக் கடைந்து சதுரங்க ராணி ஒன்று செய்தான். விரல் நீளந்தான் இருக்கும். ஒடுங்கிய கழுத்து, கழுத்தில் வளையங்கள், தலையில் கிரீடம். அயப்பாக்கம் பக்கத்து ஏரிக்கரையில், பாழடைந்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், புதிதாக ஒரு பெட்டியை வைத்து அதற்குள் ராணியைப் போட்டான். ரயிலில் அவளிடம் சொன்னான்.

"ஏரிக்கரைப் பெட்டியில ஒண்ணு வெச்சிருக்கேன். உனக்குத்தான். புடிச்சிருந்தா எடுத்துக்க, பதிலுக்கு உன்னோடது ஒண்ணு வை. புடிக்கலைன்னா தொடாம விட்டுடு. நான் ஞாயித்துக்கெழம போய்ப் பாப்பேன். இல்லைன்னா இல்ல. அப்புறம் அதப் பத்தி நீயும் பேசக்கூடாது, நானும் கேக்கமாட்டேன்."

அனுசுயா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, சரி என்றாள்.

இதற்கு மேல் அவன் செய்த தப்பை ஆவடிக்காரன் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். டப்பாக்கள் அடிக்கடி காணாமல் போகின்றன, கெட்டியான பெட்டியாக வேண்டும் என்று பார்த்தவன், வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்புப் பெட்டியை எடுத்துப் போயிருந்தான். பச்சை வண்ணம், பக்கவாட்டில் மஞ்சள் எழுத்து, மூடியில் கொக்கி. ஒரு காலத்தில் துப்பாக்கிக் குண்டு அடுக்கிய பெட்டி. கழித்துப்போட்டபின் ஏலத்தில் வந்தது. அவர்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். சொர்ணம் அதில் மிளகாய் வற்றல் போட்டு வைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து மிளகாய் வாசனையோடு பார்த்த பெட்டி. அதைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

குடியரசு தினம் நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. சனிக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கியபோது பெட்டியைப் பார்த்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த மனிதரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆவடிக்காரன் கண்ணுக்குப் பேயே மிளகாய் டப்பாவாகத் தெரிந்ததுதான் வினை. போலீஸ் வந்தது, கயிறு கட்டியது, வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். பெட்டியைத் தூரத்திலிருந்தே உடைத்தார்கள். சத்தம் பக்கத்து அடுக்குமாடி வரைக்கும் கேட்டதாம்.

பட்டறையில் சேதி கேட்டதும் கார்த்திகேசன் லேத்தை நிறுத்திவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். நல்லவேளையாக இன்ஸ்பெக்டர் இணையதளத்தைத் திறந்து பார்க்கிற அளவுக்குப் பொறுமைசாலி. ஆனாலும் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். அப்பாவின் வேலைக்கு என்ன ஆகுமோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். கூட யார் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு பெண்ணின் பேர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படுவதா? தான் ஒருத்தன்தான் என்று சாதித்துவிட்டான்.

பிறகு ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். நனைந்த காகிதக் கூழ், பென்சில் துண்டு, பச்சைத் தகரச் சில். அவற்றின் நடுவே நசுங்கி மடிந்த ஒரு பித்தளை. ஓரத்தில் கடைந்த வளையங்கள் தெரிந்தன.

"இது இன்னாடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வெச்சதுதான் சார்" என்றான் கார்த்திகேசன்.

கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. ராணி அப்படியே கிடந்திருக்கிறாள், அனுசுயா தொடவில்லை. இல்லைன்னா இல்ல. வழக்கு ஒன்றும் இல்லை, இந்த டப்பா விளையாட்டையெல்லாம் மூடிவிட வேண்டும் என்று எச்சரித்து, அந்தப் பித்தளையை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நட்டு போல்ட்டு கிடக்கும் இன்னொரு பச்சைப் பெட்டியில் எறிந்தான். இணையதளத்தில் அந்த டப்பாவின் பக்கத்தை மூடும்போது கடைசிக் குறிப்பு ஒன்று போட வேண்டும். 'பெட்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். இனி இங்கே யாரும் தேட வேண்டாம்' என்று எழுதினான். பிறகு கணக்கையே நீக்கிவிட்டான். அவள் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. பேசக்கூடாது என்று சொன்னவன் அவன்தானே? ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவன் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தான்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அதே ஆவடியில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கார்த்திகேசனுக்குப் பெண் பார்த்துப் பார்த்துச் சொர்ணத்துக்கு அலுத்துப்போனது. மாங்காட்டு அம்மனை வேண்டினால் கல்யாணம் கூடிவரும் என்பது அவளுடைய கடைசி நம்பிக்கை. போன வெள்ளிக்கிழமை, கால்வலியால் தன்னால் முடியாது, நீயே போய்க் கும்பிட்டுக் குங்குமம் வாங்கி வா என்று அவனை அனுப்பினாள். வரும்போது தன் மாத்திரையும் வாங்கச் சொன்னாள்.

கும்பிடும் ஆசை அவனுக்கு இல்லை. மாத்திரையையாவது முதலில் வாங்கிவிடலாம் என்று பூந்தமல்லியில் இறங்கி ஒரு மருந்துக்கடையில் சீட்டை நீட்டினான். சீட்டை வாங்கியவள் அனுசுயா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அவளும் அவனைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் மேஜைமேல் பில் கட்டு இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, அதன்மேல் ஒரு பித்தளை ராணி நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கடைந்த ராணி. கிரீடத்தில் அவன் உளி தவறிய கீறல்கூட அப்படியே இருந்தது.

"இது எப்படி உங்கிட்ட?" என்றான்.

"எப்டின்னா? நீதான வெச்சே. எடுத்துக்கினேன்."

"ஸ்டேஷன்ல பாத்தேனே. நசுங்கிப்போயி..."

அனுசுயா கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"அது எங்கம்மாவோட குங்குமச் சிமிழு" என்றாள். "ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெக்கணும்ல. நான் வெச்சேன்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பெட்டிய ஒடச்சத நானும் கேள்விப்பட்டேன். ஆனா கடைசிக் குறிப்புல பாத்துட்டேன்னு எழுதியிருந்தியே" என்றாள் அவள். "பாத்துட்டு நீ வேணாம்னு மூடிட்டேன்னு நெனச்சேன். எங்கம்மாதுன்னு கீதே அது ஒண்ணுதான். அத்தக்கூட குடுக்காம போயிட்டானேன்னு ரொம்ப நாளு அழுதுகினு இருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அனு."

"கேக்கக்கூடாதுன்னு நீதானப்பா சொன்னே."

இருமல் மருந்து வேண்டும் என்று ஒரு பெரியவர் வந்து நின்றார். அவள் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் எடுக்க எவ்வளவு நேரமோ அதற்கும் அதிகமாகவே நின்றாள். திரும்பி வந்தபோது மாத்திரைகளைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். அவனும் சரி என்றான். ராணியைத் திருப்பித் தரவா என்று அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பதிலுக்கு வைக்க அவனிடம் என்ன இருந்தது?

மாங்காடு பஸ் எதிரிலேயே வந்து நின்றது. அவன் ஏறவில்லை. ஆவடிக்குத் திரும்பி, வீட்டுக்குள் நுழைந்ததும் நட்டு போல்ட்டுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தான். அடியில் கறுத்துக் கிடந்தது அந்தப் பித்தளை. பித்தளை கடைந்தே பிழைக்கிறவன், இது தன் கைக் கடைசல் இல்லை என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ராணி முழுக் கெட்டி, இது உள்ளே குடைந்தது, சுவர் மெலிசு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனையாவது ஊர் பார்த்துச் சிரிக்கலாம். இவன் அலையக்கூட இல்லை. எட்டு வருஷம் சும்மா இருந்தான்.

மூடி சிமிழுக்குள் மடிந்து இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். கையில் குத்தியது, விடாமல் நெம்பினான். மடிப்பு விரிந்ததும் உள்ளே, தண்ணீரும் துருவும் எட்டாத இடுக்கில், குங்குமம் அப்படியே சிவப்பாக இருந்தது. விரலால் தொட்டான். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டுச் சொர்ணம் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த மகனின் முகம் அழுது வீங்கியிருப்பது மங்கிப்போன அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிவந்த விரல் மட்டும் தெரிந்தது.

"ஏய்யா, போயிட்டு வந்துட்டியா? குங்குமம் குடுத்தாவளா?"

கார்த்திகேசன் நிமிர்ந்து பார்த்தான்.

"குடுத்தாங்கம்மா" என்றான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவன் விரலிலிருந்த குங்குமத்தைத் தன் விரலில் தொட்டு எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். இந்தத் தைக்குள்ள முடிஞ்சிரும் பாரு என்றாள். பிறகு மாத்திரை எங்கே என்று கேட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டுமாம் என்று சொல்லிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.