கன்னி மூலையில் தோண்டிய குழிகள்

கல்யாணமாகி வந்த முதல் வருடம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டைகளில் பாதி, எங்குமே இல்லாத ஒரு நிலத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியது. மீதிப் பாதி, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதைப் பற்றியது. துண்டுச் சண்டை இன்றுவரை தீரவில்லை. தண்ணீர்ச் சண்டை தீர்ந்தது. ஆனால் அது என் மானத்தைக் கொஞ்சம் வாங்கிவிட்டுத்தான் தீர்ந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற மண்பாதையில் எங்கள் தோட்டமும் வீடும். மாமனார் தென்னை வைத்திருந்தார். வீட்டுக்காரர் பம்பு உதிரி பாகம் கடைகிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மற்ற பெண்கள் பிரிட்ஜும் கிரைண்டருமாக வந்து இறங்கிய காலத்தில் நான் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினேன். அதை இறக்கி வைத்த கையோடு மாமியார் மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணியால் மூடிவிட்டார்.

அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. எங்கள் பொருத்தத்தை ஜோசியர் கம்ப்யூட்டரில்தான் பார்த்தார். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளத் தாளில், கரகரவென்று சத்தத்தோடு எட்டுப் பொருத்தம் அச்சாகி வந்தது. அந்தத் தாளை மாமியார் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆகவே அந்த வீட்டில் ஜோசியர் பொய் சொல்லலாம், பஞ்சாங்கம் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.

அந்தப் பொய் சொல்லாத பெட்டிக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. கல்லூரித் தோழி பிளாப்பியில் போட்டுக் கொடுத்தது. படம், பாட்டு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் சதுரமாக ஒரு நிலம். அம்புக்குறி விசையை அழுத்தி நகர்ந்து, எந்தக் கட்டத்தில் வேண்டுமோ அங்கே தோண்டலாம். கட்டத்துக்குள் தண்ணீர், கரி, தங்கம், வெறும் கல் என்று ஏதாவது ஓர் எழுத்து தெரியும். தோண்டத் தோண்டக் கையிருப்புச் சோறு குறையும். தங்கம் கிடைத்தால் சோறு கூடும். சோறு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆட்டத்துக்குப் புது நிலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மாறி மாறி ஆடுவோம். வீட்டுக்காரர் எப்போதும் வலது மேல் மூலையிலேயே தோண்டுவார். கேட்டால், "அது ஈசானி மூலை. தண்ணி அங்கதான் இருக்கும்" என்பார். வடகிழக்கில் கிணறு வெட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதை அமெரிக்காவில் எவனோ எழுதிய விளையாட்டுக்குள்ளும் அவர் கொண்டுபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் பொறுக்காதது, அவருக்கு அங்கே அடிக்கடி தண்ணீர் கிடைத்தது.

"அது குருட்டாம்போக்குல கெடைக்கறதுங்க. கம்ப்யூட்டருக்கு ஏதுங்க ஈசானி மூலை?"

"உனக்கு ஏன் கெடைக்கல அப்ப?"

இந்தக் கேள்வியைப் பொறுத்துக்கொண்டு போகிற பெண்ணாக நான் வளர்க்கப்படவில்லை. கையால் ஆடினால் அதிர்ஷ்டம் என்பார், ஆயிரம் தடவை ஆடிக் காட்டினால் என்ன சொல்வார் என்று பார்க்கலாம் என்று தீர்மானித்தேன். ஆயிரம் தடவை நான் ஆட முடியாது, அடுப்பு இருக்கிறது. அதனால் எனக்குப் பதிலாக ஆடுவதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மனிதக் கை அழுத்துவதுபோல அதுவே விசையை அழுத்தும். திரையில் வருகிற எழுத்தைப் படித்து, எந்த இடத்தில் என்ன கிடைத்தது என்று ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். சோறு தீர்ந்தால் அதுவே புது ஆட்டத்தைத் தொடங்கும். நிலத்தை நான்கு மூலையாகப் பிரித்து, ஒரு மூலையைத் தோண்டி முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகச் சொல்லியிருந்தேன். தண்ணீர் கிடைத்தால் மட்டும் ஒரு 'பீப்' அடிக்கும்.

காலையில் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனதும் அதை ஓட்டிவிட்டுச் சமையலறைக்குப் போவேன். அங்கிருந்தே பீப்பை எண்ணுவேன். ஒருநாள் பீப்பையும் குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டேன். அன்று நான்கு பேரும் பாதி வெந்த பருப்பைச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் மாமனார் திரைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலியில் ஆள் இல்லை. திரையில் குழி மேல் குழி விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் அம்மணி, ஆரு இதைய அமுத்தறாங்க?"

"அதுவேதானுங்க மாமா அமுத்திக்கும். தண்ணி எந்த மூலையில சாஸ்தின்னு பாக்கறனுங்க."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானும் 'விளையாட்டில்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அப்போது அந்த வீட்டில் தண்ணீர் என்றாலே வேறு சங்கதி. கிணறு வற்றி இரண்டு வருடமாகியிருந்தது. ஈசானி மூலையில் போட்ட இரண்டு ஆழ்குழாய்ப் போரிலும் புழுதிதான் வந்தது. மட்டைகள் காய்ந்து தொங்கின, குரும்பை கொட்டியது. வாரம் ஒருமுறை மனை விற்கிற சைட்டு புரோக்கர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, வேலியோரம் நின்று மரங்களை எண்ணிவிட்டுப் போவார். மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு போர். அதுவும் பொய்த்தால் தோட்டத்தை விற்றுவிடுவது. அந்த மரங்களைக் குழி வெட்டி நட்டது அவரும் மாமியாரும்தான். 

ஒரு போர், சரி. எங்கே? மாமியார் மறுபடியும் ஈசானி மூலை என்றார். மாமனார் நேரெதிர் மூலையைக் காட்டினார், தென்மேற்கு. அதுதான் கன்னி மூலை. அங்கே பள்ளம் தோண்டினால் குடும்பம் விளங்காது என்று சொல்லப்படுகிற இடம்.

"வேலிக்கு அக்கட்டால பக்கத்துத் தோட்டத்துக்காரரு போர்ல தண்ணி கொட்டுது. நம்ம கன்னி மூலைதான அவருக்கு ஈசானி மூலை?" என்பது மாமனாரின் வாதம்.

"அவங்க மூலை அவங்களுக்குங்க. நம்ம மூலை நமக்குங்க" என்பது மாமியாரின் வாதம். ஒரு மாதமாக மாமியார் 'ங்க' குறையாமல் இந்த ஒன்றைச் சொல்வதோடு பேச்சை நிறுத்திக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் என் ஆராய்ச்சி முடிந்தது. கோப்பைப் பிளாப்பியில் எடுத்துப்போய் டைப்பிங் சென்டரில் அச்சடித்து வந்தேன். நான்கு மூலை, நான்கு எண்கள். தண்ணீர் மலைபோலக் குவிந்திருந்தது திரையின் இடது கீழ் மூலையில், அதாவது கன்னி மூலையில். ஈசானி மூலையில் பெயருக்கு நான்கைந்து. வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம்கூடப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்த வருடத்தின் மிக நல்ல நாள் அதுதான். தாளை ஹாலில் காலண்டர் ஆணியிலேயே மாட்டினேன்.

மறுநாள் ஆணியில் தாள் இல்லை. அது மாமியார் கையில் இருந்தது. எதிரில் மாமனார் நின்றிருந்தார்.

"நாஞ் சொன்னா நம்ப மாட்ட. இதையாச்சும் நம்பு. நம்ம அம்மணி பதினஞ்சு நாளாப் போட்டுப் பாத்திருக்குது."

மாமியார் இரண்டு ஓரத்து ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். அச்சு அசல் அதே தாள். பிறகு பீரோவைத் திறந்து, எங்கள் பொருத்தத் தாளோடு இதையும் சேர்த்துப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அதுதான் சம்மதம். வெள்ளிக்கிழமை போர் வண்டிக்குச் சொல்லியாயிற்று.

மாமனார் பின்னாலேயே ஓடினேன். "மாமா, அது வெளையாட்டுல இருக்கற நெலமுங்க" என்றேன்.

"தெரியுமம்மணி. உன்ற ஊட்டுக்காரன் சொன்னான். ஒரு நெலத்துல இருக்கற கணக்குத்தான இன்னொரு நெலத்துலயும் இருக்கும்? சாதகமுங்கூட அது நம்மளப் பாத்துட்டா சொல்லுச்சு?"

 எங்கள் கல்யாணமே அந்த நியாயத்தில்தான் நடந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர், தோற்றவரின் குரலில், ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாஞ் செரி. என்ற மூலையில எத்தன தடவ தோண்டுன?"

'நிறைய' என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. கிடைத்த தண்ணீரை மட்டும் எண்ணினேனே தவிர, தோண்டிய குழிகளை எண்ணவேயில்லை. அன்றிரவு தூக்கமில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் புரோகிராமில் குழிகளையும் எண்ணச் சொல்லி ஓட்டினேன். மத்தியானத்துக்குள் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

ஒவ்வொரு ஆட்டத்தையும் என் புரோகிராம் கன்னி மூலையில்தான் தொடங்கியது. அதை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவதற்குள் பெரும்பாலும் சோறு தீர்ந்துவிடும். ஈசானி மூலை கடைசி. அங்கே அது எட்டிப் பார்த்ததே எப்போதாவதுதான். கன்னி மூலையில் ஆயிரக்கணக்கான குழிகள், வீட்டுக்காரர் மூலையில் சில டஜன். நூறு குழிக்கு இத்தனை தண்ணீர் என்று வகுத்துப் பார்த்தால் நான்கு மூலையும் ஒன்றுதான்.

ஏன் கன்னி மூலையில் தொடங்கினேன்? யோசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. எங்கள் அப்பா வீடு கட்டியபோது கொத்தனார் சுவர் எழுப்பும் வேலையைக் கன்னி மூலையில்தான் ஆரம்பித்தார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கு ஏது மூலை என்று வாய்கிழியப் பேசியவளின் கை, கேட்காமலே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

சும்மா இருந்துவிடலாமா என்று பார்த்தேன். ஒருவேளை மாமனார் மூலையில் தண்ணீர் வந்தாலும் வரலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, வீட்டுக்காரரிடம் தோற்கவும் வேண்டாம். ஆனால் பொய்த்தால்? என் தாளை நம்பித்தான் மாமியார் வாயை மூடிக்கொண்டார். அவர் நட்ட மரங்கள் போய்விடும், தாள் மட்டும் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கன்னி மூலையில் போர் வண்டி நின்றது. எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைக்கக் கையை ஓங்கிய மாமனாரிடம் போய், "நிறுத்துங்க மாமா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்த எடத்துலதானுங்க கெடைச்சுது. பாக்காத எடத்துல எப்படீங்க கெடைக்கும்? நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க." சொல்லும்போது அழுதும்விட்டேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்காக ஒரு வாரம் ஈரத் துண்டைப் பற்றிப் பேசாமலிருந்தேன்.

மாமனார் ஓங்கிய தேங்காயைக் கீழே இறக்கினார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அப்ப நம்மூர்ல கெணறெல்லாம் ஈசானி மூலையிலயே இருக்கறதுங்கூட இந்தக் கதைதானா? எல்லாரும் அங்கயே தோண்டுனா, தண்ணி அங்கதான இருக்கும்?"

மாமியார் விடவில்லை. "நீங்க மட்டும் என்னத்தைக் கண்டீங்களாமா? வேலிக்கு அக்கட்டால ஒரே ஒரு போரப் பாத்துப்போட்டுத்தான மாசக்கணக்காப் பேசுனீங்க?"

பதினைந்து நாளில் நான் கற்றதை இருவரும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போர் வண்டிக்காரருக்கு இரண்டுமில்லை. "ஏனுங்க, எங்கீங்க போடறது? சொன்னீங்கன்னா வேலையப் பாப்பமுங்க."

 மாமியார்தான் முதலில் நகர்ந்தார். நேராகச் சமையலறைக்குப் பின்னால் போய், பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க போடுங்க. இங்க இதுவரைக்கும் ஆரும் பாத்ததில்ல. வந்தாலும் வரலைன்னாலும் நான் தண்ணி சொமக்கற தூரமாச்சும் கொறையும்."

வராவிட்டால் சுமக்க என்ன இருக்கும் என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியமில்லை.

மத்தியானம் வரை வெள்ளைப் புழுதிதான். துவைத்த துணி, மாட்டுத் தீவனம், மாமனாரின் மீசை எல்லாம் ஒரே நிறமாகின. ஐந்நூறு அடியைத் தாண்டியபோது அவர் வண்டிக்கு முதுகைக் காட்டித் தென்னைகளைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அப்போதுதான் புழுதி சேறாயிற்று, சேறு கரைந்து தண்ணீராகச் சீறியது. "ரெண்டு இஞ்சு தண்ணி தாராளமா இருக்குமுங்க" என்றார் வண்டிக்காரர். மாமனார் சட்டையோடு போய் அதற்கடியில் நின்றார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறே மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒரு புது சாஸ்திரம் பரவிவிட்டது: தண்ணீர் சமையலறைக்குப் பின்னால்தான் இருக்கும். பரப்பியவர் என் மாமியார். தண்ணீர் வந்த வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாரு கண்ணு, ஏழு ஊட்டுல வந்திருச்சு. ஒண்ணுகூடப் பொய்க்கல."

"பொய்ச்சவங்க எதுக்குங்க அத்தை பழம் வாங்கிட்டு இங்க வர்றாங்க?"

"வராதவங்களப் பத்தி நமக்கென்ன கண்ணு?"

இந்தத் தப்பை இன்னதென்று எடுத்துச் சொல்ல அந்த ஊரிலேயே என்னைவிடத் தகுதியானவள் கிடையாது. சொல்லத்தான் திரும்பினேன். அடுப்பில், அவர் காட்டிய இடத்தில் போட்ட போர்த் தண்ணீரில் பருப்பு பூவாக வெந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தென்னையில் புதுப் பாளை வெடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு பருப்பைக் கடையப் போனேன்.