ஜமீலா அக்காவின் பச்சை விரியன்

என் ஊரான கவுஞ்சியில் எங்கள் வயலில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தபோது சாதிக் பாயிடமிருந்து போன் வந்தது. அவர் ஜமீலா அக்காவின் தம்பி; கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருப்பவர். "வனிதா, அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். "உங்க பாம்பு கடிச்சிருச்சு. வெரசா வா" என்று சொல்லி வைத்துவிட்டார். கையில் மண்ணோடு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். 'உங்க பாம்பு' என்று அவர் சொன்னது வழியெல்லாம் காதில் இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அக்காவை அவருடைய போட்டோ ஸ்டுடியோவில்தான் தெரிந்திருக்கும். கணவர் இறந்த பிறகும் அவர் தனியாகவே அந்த ஸ்டுடியோவை நடத்தினார். உங்கள் வீட்டு அடையாள அட்டைகளில் ஒட்டியிருக்கும் முகங்களில் பாதி அவர் எடுத்தவை. ஸ்டுடியோவை மூடிய பிறகு என்ன செய்தார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. நாயுடுபுரத்துக்குக் கீழே இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஓணான்களையும் பாம்புகளையும் படம் எடுத்தார். அவை என்ன செய்கின்றன, எப்போது செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டால், "முப்பது வருசமா ஆடாதீங்க, ஆடாதீங்கன்னு கத்தித் தொண்ட போச்சு. இதுகட்ட அந்தச் சோலியே இல்ல பாரு" என்பார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அந்த ஸ்டுடியோவை மூடப்போகிற சமயத்தில் ஏதோ அட்டைக்குப் படம் எடுக்க அம்மா என்னை அங்கே அழைத்துப் போனாள். அக்கா பதினோரு படம் எடுத்தார். பதினொன்றிலும் என் கண் கீழே இருந்தது. "ஏன்டி, அந்தம்மா என்ன பேயா? நிமுந்து பாரேன்" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "அடிக்காதீங்கம்மா. இவ கண்ணு தரையிலயே கெடக்கு. தரையப் பாக்குறவளுக்கு என் வீட்டுல வேல இருக்கு" என்றார். அடுத்த வாரம் நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சமையலும் செய்தேன். ஆனால் முக்கிய வேலை தோட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அக்கா எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. அவருக்கும் தெரியாது. "தெரியல புள்ள, பாப்போம்" என்பதுதான் அவர் அதிகம் சொன்ன வார்த்தை.

முதலில் எங்களுக்குக் கிடைத்தவை முதுகில் முள் வரிசை உள்ள பச்சை ஓணான்கள். குளிர்ந்த காலைகளில் அவை செத்ததுபோல இருக்கும். ஒருமுறை ஓர் எறும்பு ஓணானின் கண்ணிமை மீது ஏறி இறங்கியது; அது சிமிட்டவே இல்லை. இன்னொரு நாள் பேரிக்காய் மரத்தில் இரண்டு கடா ஓணான்கள் எதிரெதிரே நின்று காலை முழுவதும் நிறம் மாறிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒன்று மெல்லத் திரும்பி இறங்கிப் போனது. "கடிச்சுக்கவே இல்லையேக்கா" என்றேன். "பஜார்ல மட்டும் கடிச்சுக்கிறாங்களா? ஒருத்தர் கடைக்கு எதிர்ல ஒருத்தர் வருசக்கணக்கா மொறைப்பாங்க. ஒரு நாள் பாத்தா ஒரு கடையில பூட்டு தொங்கும்" என்றார்.

பாம்பை நாங்கள் தோட்டத்தில் கண்டுபிடிக்கவில்லை. படங்களில் கண்டுபிடித்தோம். தோட்டத்தின் ஓரத்தில் பேஷன் ஃப்ரூட் என்கிற தாட்பூட்பழக் கொடி அடர்ந்து வேலியாக நிற்கிறது. அதன் கீழே ஒரு ஓணான் மண் தோண்டி முட்டையிடுவதை மூன்று வாரம் படம் எடுத்திருந்தோம். மழை நாள் ஒன்றில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இலைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கண்ணைப் பார்த்தேன். முந்தின நாள் படத்திலும் அது இருந்தது. அதற்கு முந்தின நாளும் இருந்தது. மூன்று வாரமும் அதே கொடியில், அதே வளைவில், ஒரு பச்சை விரியன். அந்த மூன்று வாரமும் நான் அந்தக் கொடிக்கு அருகில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்திருக்கிறேன். எல்லாப் படங்களிலும் அதன் தலை நான் உட்கார்ந்த பக்கம் திரும்பியிருந்தது. அக்கா எல்லாப் படங்களையும் மறுபடி தள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம இப்பத்தான் பாக்குறோம். அது நம்மள வெள்ளனே பாத்துருச்சு" என்றார்.

அது எங்களைக் கண்ணால் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. விரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சிறு குழி உண்டு. பக்கத்தில் இருக்கும் சூட்டை அதனால் உணரும் என்று அக்கா எங்கோ படித்தார். படித்ததை நம்பாமல், கொடிக்கு எதிரே போட்ட ஸ்டூல் மீது ஒரு டம்ளர் சூடான டீயை வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒன்று எடுக்கும்படி கேமராவை அமைத்தார். நாங்கள் வீட்டுக்குள் போய்விட்டோம். படங்களில் பாம்பு மெல்ல டம்ளரின் பக்கம் தலையைத் திருப்பியது. டீ ஆறியதும் தலையை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அக்கா டம்ளருக்குப் பதிலாகத் தன் கையை வைத்தார். தினமும் காலையில் அந்த ஸ்டூல் மீது வலது கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்காருவார். படத்தின் ஓரத்தில் அவர் கை, நடுவில் பாம்பு. பக்கத்து வீட்டு ஜெபராஜ் சார் மதில் வழியாக எட்டிப் பார்த்து, "அம்மா, அதுக்கு ஒரு நாள் பசிக்கும்" என்பார். "தூரம் அளந்துதான் சார் வச்சிருக்கேன். எனக்கு வேற என்ன தெரியும்" என்று அக்கா பதில் சொல்வார். பாம்பின் தலை எப்போதும் கையின் பக்கமே இருந்தது. நான் அந்தப் படங்களை அதிகம் பார்த்ததில்லை.

பூண்டு பிடுங்க இரண்டு நாள் ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பிய மாலையில், ரோஜாச் செடியைக் கவாத்து செய்தபோது அக்காவின் கையில் ஏறிய முட்களை ஊசியால் எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வலது பெருவிரலுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முட்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. அக்காவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, கை வீங்கவில்லை, இதயம் நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை ஒருவரும் ஏற்கவில்லை. பாம்பு இருக்கும் வேலிக்கு முன்னால் நாற்காலியிலேயே இறந்து கிடந்தவரின் கையில் இரண்டு புள்ளிகளை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

தோட்டத்துக்குப் போனேன். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கியிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. அக்கா காலையில் அமைத்துவிட்டு உட்கார்ந்த கேமரா இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அக்காவைத் தூக்கிய அவசரத்தில் யாரும் அதை நிறுத்தவில்லை.

சாதிக் பாய் அரிவாளோடு நின்றார். காலடியில் மண்ணெண்ணெய் கேன் இருந்தது. ஜெபராஜ் சார் வேலியை ஒட்டி நின்று கொடிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணையும் காணோம் பாய். கடிச்ச கையோட ஓடியிருக்கும்."

"ஓடட்டும் சார். வேலி இருந்தாத்தான வரும். வேரோட எரிச்சிர்றேன்."

"ரெண்டு பல்லும் பதிஞ்சிருக்கு பாத்தீங்கள்ல. டாக்டர் என்னமோ நெஞ்சுவலிங்கிறாரு."

பாம்பு அவருடைய முழங்கைக்கு அருகில் இருந்தது. அதே கொடியில், அதே வளைவில். தலை அவர் பக்கம் திரும்பியிருந்தது. கையை நீட்டிக் காட்டினால் அரிவாள் விழும். காட்டாவிட்டால் அவர் இன்னும் கொஞ்சம் குனிந்துவிடுவார். முள்ளை எடுத்தது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். டாக்டர் சொன்னதையே ஏற்காதவர்கள் நான் சொல்லி ஏற்கப்போவதில்லை. கேமராவை அதன் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு பேரிக்காய் மரத்தடிக்குப் போய், "சார், பாய், இங்கிட்டு வாங்க. படம் இருக்கு" என்றேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. இருவரும் வேலியை விட்டு வந்தார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆறு நாற்பதிலிருந்து ஸ்டூல் மீது அக்காவின் கை. முள் எடுத்த இரண்டு புள்ளிகளும் முதல் படத்திலேயே தெரிந்தன. பாம்பு எட்டாத தூரத்தில், தலை கையின் பக்கம். ஏழு பதினான்கிலும் பதினைந்திலும் ஸ்டூல் மீது கை இல்லை. ஏழு பதினாறில் கை மறுபடி இருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. அதற்குப் பிறகு வந்த எந்தப் படத்திலும் விரல்கள் மாறவில்லை. நடுவில் மஞ்சு மூடிப் பத்துப் பன்னிரண்டு படங்கள் வெறும் வெள்ளை. மஞ்சு விலகியபோது உள்ளங்கையில் ஒரு இலை கிடந்தது. பாம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. தலை கையின் பக்கமே இருந்தது. எட்டு மணிக்கு மேல் அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. எட்டு முப்பத்து நாலில் முழுவதும் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"எதுக்குத் திரும்புது?" என்று ஜெபராஜ் சார் கேட்டார்.

"சூடு போயிருச்சு சார்" என்றேன்.

மேற்கொண்டு படங்களைத் தள்ளினேன். ஒன்பது பதினொன்றில் பாம்பின் தலை திடீரென்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த படத்தில் ஒரு ஆணின் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சாதிக் பாய் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"நான் அதுக்கு இம்புட்டுப் பக்கத்துலயா நின்னேன்?"

"ஆமா பாய்."

"என்னையும் ஒண்ணும் செய்யலையே."

அரிவாளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். மண்ணெண்ணெய் கேனை ஜெபராஜ் சார் எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை அக்காவை அடக்கம் செய்தார்கள். வேலி இன்றும் இருக்கிறது.

மூன்றாம் நாள் சாதிக் பாய் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிரு பாப்பா. என்னால தூங்க முடியல" என்றார். சரி என்றேன். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எங்கள் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டில் நேரம், குளிர், பார்த்தது என்று மூன்று கட்டங்கள் உண்டு. வந்த புதிதில் ஒருமுறை 'பாம்பு தூங்குகிறது' என்று எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டு, "தூங்குதுன்னு உன்ட்ட வந்து சொல்லுச்சா? அசையலன்னு எழுது. கண்டத மட்டும் எழுது புள்ள" என்றார்.

படங்கள் இப்போது இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நோட்டு மட்டும். அக்கா இறந்தார் என்று அதில் எந்த வரியும் இல்லை. ஏழு பதினாறுக்கு நேரே 'கை அசையவில்லை' என்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாம்பு மட்டும் அக்கா இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தது என்று எழுதத் தோன்றியது. நினைத்தது என்றால் அக்கா அடித்துவிடுவார். தலை கையின் பக்கம் என்று எழுதினேன்.