பதினேழு பொட்டலங்கள்

ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஊர் உண்டு, அதை ஒரு குண்டாத் தண்ணீரில் தொலைத்துவிடலாம் என்று எட்டு வயதில் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்குப் போர் போட ரிக் லாரி வந்தது. எல்லோரும் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதற்கு முன்னால் பீய்ச்சிக்கொண்டு வந்த பாறைத்தூளுக்காகக் காத்திருந்தாள். கல்லூரியில் வண்ணக் கற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வேடு மட்டும் பாக்கி. எங்கள் மண்ணுக்கடியில் சிவப்புக் கார்னெட் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. துளைபோடும் ராடு ஒன்று இறங்கினால் இருபது அடி. ராடுக்கு ஒரு கைப்பிடித் தூள், ஒரு காகிதப் பொட்டலம், அதன்மேல் ஆழம். பதினேழு பொட்டலங்கள் சுவரோரம் வரிசையாய் இருந்தன.

அத்தையை அசத்த நினைத்தேன். அத்தனையையும் குண்டாவில் கொட்டி, அலசி, கடுகளவும் உளுந்தளவுமாய்ச் சிவந்ததை மட்டும் பொறுக்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு நீட்டினேன். வெயிலில் அது கனலாய் எரிந்தது.

அத்தை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எத்தனாவது அடியில இருந்து வந்தேன்னு இனி இதுல ஒரு கல்லும் சொல்லாது.”

அப்பா சிரித்தார். “உட்டுத்தள்ளு அம்மிணி. வெள்ளிக்கிழமை கோபாலபுரத்துக்காரங்க உன்னையப் பாக்க வராங்க. கல்லப் பத்தியா கேக்கப் போறாங்க?” சம்பந்தம் அமைந்தால் படிப்பு அத்தோடு நிற்கும் என்பது ஏற்கெனவே பேசி வைத்தது.

ரிக் பக்கத்துத் தோட்டத்துக்கு நகர்ந்தது; அங்கேயும் அதே பாறைதான். வெள்ளிக்கிழமை விடியலில் எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டே அத்தை கேட்டாள்: “பொட்டலம் மடிக்க வர்றியா?”

குற்றவாளிக்கு வேறென்ன வேலை? போனேன். இரும்பு அலறியது, பூமி புகைந்தது, நான் ராடுகளை எண்ணினேன். ஓர் எண்கூடத் தவறவில்லை.

பெண் பார்க்க வரும் சேதி ஊருக்கே தெரிந்திருந்தது. “ஏனுங்க அம்மிணி, இன்னிக்குப் போயி இங்க என்னுங்க பண்றீங்க?” என்றார் போர்க்காரர்.

“பொட்டலம் கட்டறனுங்க” என்றாள் அத்தை, நிமிராமல்.

மாலையில் வீடு திரும்பியபோது கோபாலபுரத்துக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாவில் புரட்டி எடுத்தவள்போல் வந்து நின்ற அத்தை, இடுப்பிலிருந்த பொட்டலக் கூடையை இறக்காமலே “வாங்க” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைப் பாதியில் வைத்தார்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அத்தை ஆய்வேட்டை முடித்தாள். பிறகு வாழ்நாள் முழுக்க, கண்ணில் உருப்பெருக்கி லென்ஸோடு, கற்களிடம் ஊர் விசாரித்தே சம்பாதித்தாள். நானோ ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தை இத்தனை வருடமும் சுமந்தேன். போன மாதம் போனில் மன்னிப்பே கேட்டுவிட்டேன்.

“அட பைத்தியமே” என்று சிரித்தாள் அத்தை. “அந்தத் தோட்டத்துல ரெண்டு போரு. ரெண்டாவது போரு சனிக்கிழமைதான்னு போர்க்காரரு முந்தின நாளே சொல்லிட்டாரு. அன்னிக்குப் போயிருந்தாலும் அதே தூள்தான்.”

அந்த விடியலில் என் பின்னலை அவள் ஏன் அத்தனை நிதானமாக, அத்தனை இறுக்கமாகப் போட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.